சாரையின் நடை

சாரைக்கு அன்று காலை முருகானந்தம் வைத்த சாப்பாட்டை என் வீட்டுக்காரருக்கு வைத்திருந்தால் மனுஷர் மறுநாள் மதியம் வரை பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒரு சட்டி பழைய சோறு, அதில் கட்டித்தயிர், மேலே சாளைமீன் குழம்பு, அதுவும் போதாதென்று தேவிகா அவனுக்காக மூடி வைத்திருந்த இட்லி அத்தனையும். கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீனில் முள் பார்த்துப் பார்த்து எடுத்து, அந்த நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னா முருகா, நாய்க்கு வளைகாப்பா?" என்றேன்.

"செத்த மெதுவா பேசுங்கக்கா. அவ குளிச்சிட்டு வந்துடுவா."

"டாக்டரம்மா வந்து பாக்கப்போற அன்னைக்கா இப்புடி அடைப்ப? வயிறு பானையாட்டம் ஆயிடாது?"

"ஆவட்டுமே" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி வழக்கில், அதுவும் ஒரு நாயை முன்னிட்டு நடக்கிற வழக்கில் மூக்கை நுழைக்க எனக்கென்ன தலையெழுத்தா.

எங்கள் ஊர் நெடுங்காட்டுக்கு இன்னும் உள்ளே. நான் வீட்டு வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். பெயர் தாமரைச்செல்வி. பக்கத்து வீட்டு முருகானந்தம் வயல்காரன். அவன் பெண்டாட்டி தேவிகா அரசாங்க நர்ஸ், விடிந்ததும் ஸ்கூட்டியில் காரைக்கால் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, இரண்டு தடவை கலைந்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மாஹேக்கு மாற்றல் வந்துவிட்டது. காரைக்காலும் மாஹேயும் ஒரே அரசாங்கம்தான். எங்கள் பக்கத்தில் அரசாங்க வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய ரோதனை. வீடு வாசல் எல்லாம் இங்கே இருக்கும், ஒரு தாள் வந்தால் மலையாளக் கரைக்கோ ஆந்திராக் கரைக்கோ மூட்டை கட்ட வேண்டும். மாற்றலை நிறுத்த முருகானந்தம் நடையாய் நடந்து பார்த்தான். நடக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக அனுப்ப மனசு வராமல், நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டு அவனும் கிளம்புகிறான்.

எல்லாம் சரி, நாய் என்ன ஆவது? மாஹேயில் கிடைத்திருப்பது இரண்டாவது மாடியில் ஒரு குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போட ஒரு பால்கனி. பங்காளி நிலத்தை வாங்கிக்கொள்வான், நாயை வாங்க மாட்டான். அவன் வீட்டுக் கோழிகளில் பாதி சாரையின் வயிற்றுக்குள்தான் போயிருக்கின்றன. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வீட்டுக் கருவாட்டுக் கூடையைத் திறந்து காட்டியிருப்பேன், பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

தேவிகாதான் விசாரித்து விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தென்காசிப் பக்கம் ஒரு பண்ணை. நம் நாட்டு நாய் இனங்கள் அழிந்துவிடாமல் வைத்து வளர்க்கிறார்களாம். வேலி போட்ட பெரிய வெட்டவெளியாம். ஆனால் எந்த நாயையும் அங்கே சும்மா எடுத்துவிட மாட்டார்கள். இனத்துக்கு என்று சொல்லப்பட்ட லட்சணம் எல்லாம் பொருந்தியிருக்க வேண்டும், எலும்பு, பல், நெஞ்சு, நடை எல்லாம். அதைப் பார்த்துச் சொல்கிற கால்நடை டாக்டர் நஜீபா நம் காரைக்கால்காரர். தன் அண்ணன் நூர் அகமது வீட்டு நிக்காஹுக்கு வந்தவர், பண்ணை ஜீப்பில் திரும்பிப் போகிற அன்று வந்து பார்ப்பதாகவும், சரியாக இருந்தால் கையோடு கூட்டிப்போய்விடுவதாகவும் சொல்லியிருந்தார்.

அதற்கு முருகானந்தம் குதித்த குதியைப் பார்க்க வேண்டும். கடைசியில் என்னைச் சாட்சி வைத்து ஒரு பேச்சு முடிந்தது.

"டாக்டரம்மா எடுத்துக்கறேன்னா, முகத்த தூக்காம அனுப்பிடணும்" என்றாள் தேவிகா. "வேணாம்னுட்டா சாரை நம்மளோட மாஹே வரட்டும். மாடிப்படி ஏறட்டும், பால்கனியில கெடக்கட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

"பேச்சு பேச்சா இருக்கணும்" என்றான் அவன்.

இத்தனை வருஷமாக டீக்கடை, உரக்கடை, முடிவெட்டுகிற கடை என்று ஒன்று விடாமல் "எஞ்சாரை மாரி ஒரு நாய் இந்த ஜில்லாவுலயே கெடையாது" என்று சொல்லித் திரிந்தவன், இப்போது அதே நாய் உருப்படாதது என்று ஒருத்தர் வாயால் வரவேண்டும் என்று காத்திருந்தான். இட்லியும் மீன்குழம்பும் அதற்குத்தான்.

அந்த நாய் வந்த கதை ஊருக்கே தெரியும். ஒரு தை மாசம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அறுப்பு மிஷின் ஓட்டிவந்த டிரைவர் ஒரு குட்டியையும் கேபினில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். சிப்பிப்பாறை என்றான். கேபின் கதவில் வால் நசுங்கி, காய்ச்சல் வந்து, சாகக் கிடந்தது. முருகானந்தம் அதைத் தூக்கிவந்து மடியில் போட்டுக்கொண்டு பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தான். பிழைத்து எழுந்து வரப்பில் அது போன போக்கைப் பார்த்துச் சாரை என்று பேர் வைத்தான். சாரைப்பாம்பு நிறம்தான் அதுவும். எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒட்டின வயிறும் நீட்டின மூஞ்சியுமாக, இதற்கு யாரும் சோறே போடுவதில்லை போலிருக்கிறது என்றுதான் எப்போதும் நினைப்பேன்.

ரைஸ்மில்லில் நெல் காயவைக்கிற சிமென்ட் களத்தில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐப்பசி மாசம். விடியற்காலையில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் மூட்டமாக நின்றிருந்தது. களத்தை ஒட்டின பந்துத் திடலில் புல் முழங்கால் அளவு மண்டிக் கிடந்தது.

நஜீபா டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். பருத்திச் சேலை, தலையில் முக்காடு, காலில் ரப்பர் செருப்பு. ஜீப்பிலிருந்து இறங்கினதும் எங்களை விட்டுவிட்டு நேரே சாரையிடம்தான் போனார். தொடவில்லை. புறங்கையை நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார். சாரை மோந்து பார்த்துவிட்டு, சரி என்கிற மாதிரி வாலை ஒரு ஆட்டு ஆட்டியது.

"நல்ல புள்ள" என்றார். "தம்பி, கயித்த தளர்த்திப் புடிங்க. அது எப்புடி நிக்கிதோ அப்புடியே நிக்கட்டும்."

அப்புறம் ஆரம்பித்தார். நான் ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறவள். ஒரு உடம்பைக் கண்ணால் பார்த்தே தோள் எங்கே இறங்குகிறது, இடுப்பு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த அம்மா கை போன மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கட்டைவிரலால் ஒரு கோடு. உதட்டைத் தூக்கிப் பல். கழுத்து, தோள்பட்டை எலும்பு சாய்ந்திருக்கிற வாட்டம், நெஞ்சு, விலா, இடுப்பெலும்பு, பின்னங்கால் மடிப்பு, பாதத்தில் ஒவ்வொரு விரல். தொட்ட இடத்தில் எல்லாம் எங்களுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது மோப்பம் புடிச்சுப் போற சாதி இல்ல தங்கச்சி. கண்ணால பாத்து, ஓடிப் புடிக்கிறது. அதனாலதான் தலை இப்புடி நீளமா, எங்கயும் மேடு இல்லாம வழிஞ்சு எறங்கணும். எறங்குது பாருங்க. பல்லு மேல்வரிசை கீழ்வரிசை மேல கத்திரி மாரி உக்காரணும். உக்காருது. தோள் சாஞ்சிருந்தாத்தான் முன்னங்கால் எட்டி விழும். சாஞ்சிருக்கு."

கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினம் என் வாசலில் படுத்துக் கிடந்த நாயின் உடம்பில் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது, நான் ஒன்றையும் பார்க்காமல் விளக்குமாற்றை எடுத்து விரட்டியிருக்கிறேன்.

முருகானந்தத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வாலு பாருங்க டாக்டரம்மா. நுனி கோணலு."

டாக்டர் வாலைக் கையில் எடுத்து முனைவரை உருவிப் பார்த்தார். "பொறவிக் கோணல் இல்ல. நசுங்கி, ஒடிஞ்சு, கூடியிருக்கு. குட்டிக்கு இது வராது."

"ஒரு காது சில நேரம் மடிஞ்சுக்கும்ங்க."

"எல்லாத்துக்கும் மடியும்."

"பின்னங்கால் ரெண்டும் ரொம்ப வளைவா இல்லீங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நாய விக்க வர்றவங்க குத்தத்த மறைப்பாங்க. அப்புடித்தான் பாத்திருக்கேன். நீங்க என்ன தம்பி, ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்குறீங்க?"

தேவிகா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

வயிற்றுக்கு வந்ததும் டாக்டரின் கை நின்றுவிட்டது. "நெஞ்சு முழங்கை வரைக்கும் நல்லா எறங்கியிருக்கு. அங்கேருந்து வயிறு மேல ஏறிப் போவணும். இங்க தொங்குதே. காலையில என்ன குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்குறதுதாங்க" என்றான்.

நான் என் செருப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டேன்.

"சரி, நடத்திப் பாத்துடுவோம். நிக்கிறப்ப இருக்கற அழகு பாதிதான். திடல்ல எறக்குங்க. நேரா போயி நேரா வாங்க."

அங்கேதான் வந்தது வினை. களத்தின் ஓரம்வரை கம்பீரமாக வந்த சாரை, சிமென்ட் முடிந்து புல் ஆரம்பிக்கிற இடத்தில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. முருகானந்தம் புல்லில் இறங்கிக் கயிற்றை இழுத்தான். அது வரவில்லை. தேவிகா முன்னால் போய்க் கைதட்டிக் கூப்பிட்டாள். பின்வாங்கிற்று. ஜீப் டிரைவர் பிஸ்கட்டை எடுத்துப் புல்லில் போட்டார். சாரை அதைப் பார்த்தது, முருகானந்தத்தைப் பார்த்தது, உடம்பெல்லாம் நடுங்க முனகியதே தவிர ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை.

"வயல்ல அப்புடி ஓடும்னு சொல்லுவீங்களே" என்றாள் தேவிகா. "என்னாங்க இது? ஏன் இப்புடி பண்ணுறா?"

அவன் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் மறுபடி உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்பை அழுத்திப் பார்த்தார். வலி எங்கும் இல்லை. வேறு பக்கம் கூட்டிப்போகச் சொன்னார். அங்கேயும் புல். அங்கேயும் அதே கதைதான். ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பெருமூச்சுவிட்டு எழுந்தார்.

"எனக்கே சங்கடமா இருக்கு தங்கச்சி. இப்புடி ஒரு உடம்ப பாத்து நாளாச்சு. ஆனா மனசுல தெம்பு இல்ல. புது எடத்த பாத்தா ஒடுங்கிப் போவுது. பயந்தாங்கொள்ளி. இதுலேருந்து குட்டி எடுத்தா அந்த பயம் குட்டிக்கும் எறங்கும். நான் கூட்டிட்டுப் போவ முடியாது."

ஆயிற்று, ஜெயித்துவிட்டான். நான் முருகானந்தத்தின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பை எப்படி அடக்குகிறான் பார்ப்போம் என்று. தேவிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, பேசுன பேச்சுப்படி நம்மளோடயே வரட்டும்" என்றாள். டாக்டர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். டிரைவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கறுத்துப் போயிருந்தது.

"டாக்டரம்மா" என்றான். "என்னான்னு சொன்னீங்க?"

"எடுத்துக்க முடியாதுன்னேன் தம்பி."

"அது இல்லீங்க. அதுக்கு முன்னாடி."

"பயந்த சுபாவம்னேன்."

"அவளுக்கா? நல்லபாம்ப வாயில கவ்வி ஒதறிப் போட்டவங்க அவ. எம்மாம் இடி இடிச்சாலும் என் கால்மாட்ட விட்டு நவுந்தது இல்ல." கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான். "பச்சைய மிதிக்க மாட்டா அவ. அவ்வளவுதான். குட்டியா இருக்கறப்ப நாத்தங்கால்ல எறங்கிட்டா. ஒரே ஒரு அதட்டு போட்டேன். அன்னையிலேருந்து வரப்பு, வரப்பு விட்டா வாய்க்கா கரை. பயிர்ல காலு வச்சது கெடையாது. எலிய தொரத்திட்டுப் போவா, அது பயிருக்குள்ள பூந்துட்டா வரப்புலயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. இந்தத் திடல்ல கோடையில வந்து பாருங்க, தூசி பறக்க ஓடுவா. இப்ப இது அவளுக்கு நாத்தங்கால். நான் அதட்டுனத அவ மறக்கல."

சாரை அவன் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு நின்றது.

"இது தெரிஞ்சுதான் சும்மா நின்னீங்களா?" என்றார் டாக்டர்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாங்க, வரப்புலயே பாத்துடுவோம்."

"இப்ப வேணாங்க. வயிறு நெறஞ்சிருக்கு. இப்ப ஓடக் கூடாது." இன்னும் குனிந்தான். "கொஞ்சம் கூடுதலா போட்டுட்டேன்."

டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "டிரைவர் தம்பி, வண்டிய நிழல்ல போடுங்க. பொழுது சாயத்தான் கெளம்புவோம்" என்றார்.

மதியம் எல்லோரும் தேவிகா வீட்டில்தான். மழை பிடித்துக்கொண்டது. வாழைக்காய் வறுவலும் முருங்கைக்கீரைப் பொரியலும் ஆக்கியிருந்தாள். "மீன் கொழம்பு இருக்கு டாக்டரம்மா, சாளை, நேத்து வச்சது, இன்னைக்குத்தான் நல்லா இருக்கும்" என்று சட்டியைத் திறந்தாள். சட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் ரசத்தை ஊற்றிப் பேச்சை மாற்றினேன்.

டாக்டர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்ததும் தேவிகா சமையல்கட்டிலிருந்து புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள். நான் இலை எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"நீங்க பாட்டுக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவ நம்மளோட வந்திருப்பாளே."

"தெரியும்."

"அப்புறம் என்னத்துக்கு சொன்னீங்க?"

"பயந்தாங்கொள்ளின்னுட்டாங்களே."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அவளுக்கா புரியப் போவுது?"

"எனக்குப் புரியுதே தேவி."

அவள் காலிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், "இன்னமும் ஒண்ணும் கெட்டுப்போவல. மழை, வரப்பு வழுக்கும்னு சொல்லிடுங்க" என்றாள். நாயை அனுப்பியே தீரவேண்டும் என்று நின்றவள் அவள்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் எழுந்து கொல்லைக்குப் போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மழை விட்டது. பொழுது இறங்கும் நேரத்துக்கு வயலுக்குப் போனோம். மேகம் மேற்கே கொஞ்சம் விலகி வெயில் சாய்வாக அடித்தது. சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்த நேரம். இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்து நிற்க, நடுவில் பெரிய வரப்பு வாய்க்கால் மதகிலிருந்து மோட்டார் கொட்டகைவரை நேராகப் போயிற்று. ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும். தூரத்தில் களை எடுக்கிற பெண்கள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாயடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். முருகானந்தம் முன்னால் போனான், சாரை பின்னால். கயிறு இல்லை. அவர்கள் போய்த் திரும்பின பிறகு டாக்டர் சேலையை வழித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஈர மண்ணில் கால்தடம் பதிந்திருந்தது.

"இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். "முன்னங்கால் பதிஞ்ச எடம் இது. பின்னங்கால் எங்க பதிஞ்சிருக்கு?"

தேடினேன். இல்லை. அப்புறம் தெரிந்தது. முன்னங்கால் தடத்தின் மேலேயே பின்னங்கால் விழுந்திருந்தது, ஒவ்வொரு அடியிலும், தையல் பிரித்துத் தைத்தாலும் அதே ஓட்டையில் ஊசி இறங்குகிற மாதிரி. தடம் முழுக்க ஒரே கோடு. பக்கத்தில் முருகானந்தத்தின் தடம் குடிகாரன் தடம் போல இருந்தது.

"இப்ப ஓட விடுங்க" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

அவன் மோட்டார் கொட்டகைக்குப் போனான். சாரையை இந்த முனையில் நான்தான் பிடித்துக்கொண்டேன், தேவிகாவைச் சேற்றில் இறங்க நான் விடவில்லை. முதல் தடவையாக அந்த உடம்பைக் கட்டிப்பிடிக்கிறேன். நெஞ்சுக்கூட்டின்மேல் என் உள்ளங்கை இருந்தது. உள்ளே அடித்த அடியில் என் கை எழும்பி எழும்பி இறங்கியது. சாரை கண்ணை அவன்மேலிருந்து எடுக்கவில்லை. நான் என்று ஒருத்தி பிடித்திருப்பதே அதற்குத் தெரியாது.

அங்கிருந்து அவன் விசில்கூட அடிக்கவில்லை. கையை மட்டும் தூக்கினான்.

நான் விட்டேனா, அதுவாகப் போயிற்றா, தெரியாது. என் கைக்குள் இருந்தது, இல்லை. பாயவில்லை. எப்படிச் சொல்வது, நீண்டாள். ஒரு கணம் நாலு காலும் வயிற்றுக்கு அடியில் ஒன்றுகூடி, முதுகு வில்லாய் வளைந்தது. மறுகணம் முன்னே இரண்டு பின்னே இரண்டு என்று விரிந்து, மண்ணில் ஒன்றுமே படாமல் வரப்புக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சாய்ந்த தோளும், ஆழமான நெஞ்சும், வளைந்த பின்னங்காலும் காலையில் டாக்டர் தனித்தனியாகத் தொட்டுக் காட்டினவைதான். இப்போது எதையும் தனியாகப் பார்க்க முடியவில்லை. பாதி வழியில் தண்ணீர் பாய மடை வெட்டிவிட்டிருந்த இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அந்த ஒரு நீட்டலில் அது பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் கொக்குகள் எழும்பின. பயிரில் ஒரு தாள் ஆடவில்லை. களை எடுக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள்.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் நஜீபா டாக்டர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

அவனிடம் போய்ச் சேர்ந்து, சுற்றி, திரும்பி எங்களிடம் வந்தாள். வந்து நின்றபோது மூச்சுகூடச் சரியாகத்தான் வந்தது. எனக்குத்தான் இரைத்தது. என் வயசுக்கு எத்தனையோ தேர் பார்த்திருக்கிறேன், வெள்ளம் பார்த்திருக்கிறேன், புயலில் தென்னைமரம் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. அன்று வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இன்னொரு தடவ ஓட விடலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏதாவது சந்தேகமா டாக்டரம்மா?" என்றாள் தேவிகா.

"சந்தேகம் ஒண்ணும் இல்லம்மா. பாக்கணும்னு இருக்கு."

இன்னொரு தடவை ஓடினாள். முருகானந்தம் கொட்டகைப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தான். வரும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டான். வந்து நின்று, சாரையின் முதுகில் கையை வைத்தான்.

"நானும் இப்புடி தூரத்துல நின்னு பாத்தது கெடையாதுங்க" என்றான். "எப்பவும் என் காலடியிலேருந்து கெளம்பித்தான் ஓடுவா. இவளயா நான் பால்கனியில கட்டிப்போடப் பாத்தேன்?"

டாக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தம்பி, படத்துல வரைஞ்சு வச்சுக்கிட்டு, இப்புடி இருக்கணும் அப்புடி இருக்கணும்னு சொல்லிட்டு இருக்கோம். அந்தப் படம் இன்னைக்கு ஓடுனத பாத்துட்டேன். நான் நல்லா பாத்துக்கறேன், இன்ஷா அல்லாஹ்."

"அங்க பச்சை இருக்குங்களா?"

"கரிசல் காடு. மழைக்காலத்துல கொஞ்சம் முளைக்கும்."

"மிதிக்கச் சொல்லி யாரும் அதட்ட வேணாங்க. அது ஒண்ணுதான்."

"ஒருத்தரும் அதட்ட மாட்டாங்க" என்றார்.

ஜீப் ரோட்டில் நின்றிருந்தது. பின்சீட்டின் இந்தப் பக்கக் கதவைத் திறந்து வைத்தார்கள். சாரை ஏற மாட்டேன் என்றாள். அறுப்பு மிஷின் கேபினில் வந்ததற்குப் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. டிரைவர் தூக்க வந்தார், முருகானந்தம் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவனே முதலில் ஏறி உட்கார்ந்தான். அவ்வளவுதான், அவள் ஒரே தாவில் பின்னாலேயே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அவன் தொடையில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டாள். இந்தப் பக்கக் கதவை டிரைவர் சாத்தினார்.

அவன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். முன்சீட்டில் டாக்டர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரும் சாவியைத் திருகவில்லை. அப்புறம் அவன் சாரையின் தலையை மெதுவாகத் தூக்கிச் சீட்டில் வைத்துவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கிச் சாத்தினான்.

ஜீப் கிளம்பியபோது சாரை எழுந்து நின்றுவிட்டாள். அவன் இறங்கின பக்கம் பார்க்கவில்லை. அவன் ஏறின கதவையே பார்த்துக்கொண்டு, வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றாள். வண்டி திரும்புகிறவரை கண்ணாடியில் அப்படித்தான் தெரிந்தது.

தேவிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தேம்பல் நிற்கவில்லை. "வேணாங்க. போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க. படி ஏறுவா, எப்புடியாவது வச்சுக்குவோம்."

"நீ அவ ஓடுனத பாத்தியா இல்லியா?" என்றான்.

"பாத்தேன்."

"அப்புறம் என்ன."

மேற்கே மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. ராத்திரி மழை கொட்டும், வடிமடையைத் திறந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனியாக வரப்பில் இறங்கிப் போனான்.